எதிரணிப் பேச்சு

"அந்தப் பிள்ளை இனிமே இந்த வீட்டுக்கு வரக்கூடாது," என்றார் ஹமீது சுல்தான்.

இராமநாதபுரத்தில் மகள் சஃபாவின் கல்லூரியில் நடந்த பேச்சுப் போட்டியைப் பார்த்துவிட்டு அப்போதுதான் கீழக்கரைக்குத் திரும்பியிருந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. சஃபா கூடத்து நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மனைவி மெஹருன்னிசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு, நிஷாந்தியையா சொல்றீங்க? பரிசு வாங்கிட்டு நேரா இங்கனதான் வருது. அதுக்கும் சேத்துத்தான் இடியாப்பம் அவிச்சிருக்கேன்."

"மேடையில அது என்ன பேசுச்சுன்னு தெரிஞ்சா அவிச்சிருக்க மாட்ட."

1948இல் வெள்ளைக்காரர்கள் பாலஸ்தீனத்தை விட்டுக் கிளம்பியபோது அங்கே யூதர்களுக்கென்று தனி நாடு அறிவிக்கப்பட்டது நியாயமா என்பதுதான் போட்டித் தலைப்பு. நிஷாந்தி நியாயம் என்று பேசினாள். சஃபா எதிரணி. முதல் பரிசு நிஷாந்திக்குப் போய்விட்டது.

"பரிசு போனாப் போவுது மெஹரு. அகதிகள் கப்பல் ஒண்ணு வந்துச்சாம். கரை கண்ணுக்குத் தெரியுதாம், வெள்ளைக்காரன் இறங்க விடலையாம். சாவுக்குத் தப்பி வந்த ஒரு தாய், கைப்பிள்ளையைத் தூக்கி அந்தக் கரையைக் காட்டுனாளாம். சபையே கண்ணைத் தொடைக்குது. அந்தக் கரையில காலங்காலமா குடியிருந்தவன் என்ன ஆனான்? அவன் பிள்ளை மனுசப் பிள்ளை இல்லையா?"

"நம்ம சஃபா அதைச் சொல்லலையா?"

"ஏன் சொல்லல?" அவர் குரல் தழுதழுத்தது. "ஊரை விட்டு ஓடறப்ப ஒரு பொம்பளை, கட்டிக் கிடந்த ஆட்டைப் பட்டினியாக் கிடக்க வேணாம்னு அவுத்து விடுறா. அது மேயப் போகாம ரோடு வரைக்கும் அவ பின்னாலயே வருது. கல்லெடுத்து வீசி வெரட்டிட்டு, அழுதுக்கிட்டே லாரியில ஏறுறா. கேட்டுட்டு எனக்குத் தாங்கல. நம்ம ரத்தமா இருந்தாத்தான் இப்படி எழுத வரும்."

சஃபா நிமிரவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். நிஷாந்தி கோப்பையோடு வந்து நின்றாள். மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பெண். முதல் ஆண்டிலிருந்தே சஃபாவோடு ஒரே பெஞ்சு. அவரைப் பார்த்ததும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"உள்ள வாம்மா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். எப்படி மனசு வந்துச்சு உனக்கு?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. "குலுக்கலில எனக்கு அந்தப் பக்கம்தான் மாமா விழுந்தது."

"குலுக்கல்ல விழுந்தா பேச வேண்டியதுதான். அதை நான் குத்தம் சொல்லல. கடமைக்கு நாலு வரி எழுதிப் பேசிட்டு இறங்கியிருக்கலாம்ல? வரிக்கு வரி உருகி உருகி எழுதச் சொன்னது யாரு? அந்த எழுத்துலதான் எனக்குக் கோவம்."

நிஷாந்தி கோப்பையை மெல்ல மேசையில் வைத்தாள்.

"ஷார்ஜாவுல என்கூட ஒரே அறையில பாலஸ்தீனக்காரன் ஒருத்தன் இருந்தான். அவன் வாப்பா ஊரு எதுன்னு மேப்புல காட்டுவான். அந்தப் பேருல இப்ப ஊரே இல்ல. லெபனான் முகாம்ல அவன் உம்மா மௌத்தாகி அடக்கம் பண்றப்பகூட அவனால போக முடியல. போனா திரும்பி வர முடியாது. கையில பாஸ்போர்ட்டு இல்ல. சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கிடந்தான். அவனுக்கு ஒரு வாய் சோறு ஊட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"எனக்கும் பாஸ்போர்ட் இல்லை மாமா," என்றாள் நிஷாந்தி. "இங்கதான் பிறந்தனான். ஆனா இல்லை."

ஹமீது சுல்தான் ஒரு கணம் தடுமாறினார். மறுகணம் கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"அப்ப உனக்குத் தெரியும்ல? நாடில்லாதவன் வலி தெரிஞ்ச பிள்ளை நீ. தெரிஞ்சும், தொரத்தி விட்டவனுக்காகவா அப்படி எழுதுன? தெரியாதவ எழுதியிருந்தா மன்னிச்சிருப்பேன்."

"போதும் நிறுத்துங்க," என்றாள் மெஹருன்னிசா. "வீட்டுக்கு வந்த புள்ளைய நிக்க வச்சுக்கிட்டு..."

நிஷாந்தியின் கண்கள் நிறைந்துவிட்டன. "நான் வாறன் மாமி. மண்டபத்துக்குப் பஸ் போயிடும்," என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கித் திரும்பினாள்.

"நில்லுடி," என்று எழுந்தாள் சஃபா.

ஓடிப்போய் நிஷாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வேண்டாம் என்று தலையசைத்தும் விடவில்லை. அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"காலையில மேடைக்குப் பின்னால குலுக்கிப் போட்டப்ப, ஒரு மாசமா ஆளுக்கொரு பக்கமா எழுதி வச்சிருந்தது எங்க ரெண்டு பேருக்கும் மாறி விழுந்துருச்சு வாப்பா, வேற எழுத நேரமில்லாம தாளை மாத்திக்கிட்டோம். நீங்க அழுதது அவ எழுதுனதைக் கேட்டு, இப்பத் திட்டுறது நான் எழுதுனதை."