எஞ்சின் பக்கத்துத் திசைக்கருவி

ஒரு மீன்பிடிப் படகில் எஞ்சினுக்குப் பக்கத்தில் நகத்தளவு திசைக்கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். புதியது விலை குறைவு என்பதால் பழைய பெரிய கருவியைக் கழற்றிவிட்டார்கள்.

எஞ்சின் ஓடியதும் சின்னக் கருவிக்குத் தலை சுற்றியது.

"அண்ணே, நீங்க ஓடும்போது என் வடக்கு உங்க பக்கமே இழுத்துட்டுப் போகுது. கோளாறுன்னு சிவப்பு விளக்கைப் போட்டுக் காட்டிடட்டுமா?"

"காட்டினா உன்னைத் தூக்கி எறிஞ்சிடுவாங்க. பேசாம இரு," என்றது எஞ்சின்.

கருவி பயந்துபோய் விளக்கைப் போடவில்லை. கரை கண்ணுக்குத் தெரிந்த நாட்களில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. படகோட்டி ஜெபஸ்தியானும் அதை நம்பத் தொடங்கினார்.

ஒருநாள் மழை மூட்டத்தில் கரை மறைந்தது. ஜெபஸ்தியான் கருவியின் அம்புக்குறி காட்டிய பக்கமே படகை விட்டார். மத்தியானம் டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றது. அப்போதுதான் கருவிக்குத் தலை தெளிந்தது.

"கரை எங்கேப்பா?" என்றது எஞ்சின்.

"நமக்குப் பின்னால இருக்குண்ணே. காலையிலேர்ந்து விலகித்தான் போயிருக்கோம்."

கருவி அம்புக்குறியைத் திருப்பிச் சரியான திசையைக் காட்டியது. சிவப்பு விளக்கையும் போட்டது.

ஜெபஸ்தியான் அதை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"இதுவும் கெட்டுப்போச்சு," என்று சொல்லிவிட்டு, துடுப்பை எடுத்து முன்பக்கமாகவே வலிக்கத் தொடங்கினார்.