கானாவில் மாசிலாமணிக்கு ஜெபம்

“அடக்கம் பண்ணுன மனுசனுக்குச் சுகம் கேட்டு ஜெபம் பண்ணலாமுங்களா? தப்புங்க்கா. இன்னைக்கு அவங்ககிட்ட நான் சொல்லிப்போடறனுங்—” “நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஞானமுத்து, பேசாம இரு!” கேத்தி கோயிலின் காலி பெஞ்சுகளுக்கு நடுவே மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஞானமுத்துவின் குரலும் கிருபாவதியின் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அவர்களுக்கு இடையில் கிடக்கும் போனுக்குள் கானா நாட்டுச் சபை ஒன்று பாடிக்கொண்டிருக்கிறது. அங்கே இன்னும் காலை ஆராதனை. இங்கே மதியம் திரும்பி, ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி அப்பிவிட்டது. இரண்டு சபைகளையும் அந்தக் காலத்தில் ஏற்படுத்தியது ஒரே மிஷன். இங்கே நோயில் கிடப்பவர்களுக்கு அவர்களும், அங்கே கிடப்பவர்களுக்கு இவர்களும் ஞாயிறுதோறும் ஜெபிப்பது வழக்கம். கிருபாவதியின் வீட்டுக்காரர் மாசிலாமணி போன மாதம் கண்ணை மூடியது அங்கே யாருக்கும் தெரியாது. அவளுக்கு இடுப்பு கடுக்கிறது. அழுது ஓய்ந்த உடம்பைச் சால்வைக்குள் இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். போனுக்குள் பாட்டும் மேளமும் நிற்கின்றன. அங்குள்ள போதகர் நோயாளிகளின் பெயர்களை நிதானமாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். “மாஸீ... லா... மானி.” கூட்டம் மொத்தமும் ஆமென் என்கிறது, ஒரு பெண்குரல் மட்டும் பின்தங்கி, கெஞ்சுவதுபோல் இன்னொரு தரம் சொல்கிறது. ஞானமுத்து போனுக்குக் கை நீட்டுகிறார். கிருபாவதி அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்கிறாள். முகம் தெரியாத அத்தனை பேரின் குரலும் அவள் தோலுக்கடியில் அதிர்கிறது. “இங்கதான் எல்லாருமாச் சேர்ந்து பொதைச்சாச்சே, தம்பி, அங்க ஒரு எடத்துலயாச்சும் அவரு நோயாளியா இருந்துட்டுப் போகட்டுமே.”