துரை வருகிறார், புல்டோசரை மறை!

“துளசிங்கம்! அந்தப் புல்டோசரை எங்கேயாவது கொண்டுபோய் ஒளிச்சு வை. இன்னும் ஒரு மணி நேரத்துல துரை வந்துடுவார்!”

“இன்னா சார் பேஜாரு! இத்தாம்பெரிய வண்டிய லுங்கியிலயா சுருட்டி வெச்சுக்க முடியும்?” டிரைவர் துளசிங்கம் சீட்டிலிருந்து இறங்கவே இல்லை.

ஜெபராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. தாம்பரத்தை அடுத்த அந்த கோல்ஃப் கிளப்புக்கு அவர் செக்ரட்டரி. 1938இல் அங்கே முதல் மைதானத்தை அமைத்தவர் ஹார்ட்லி துரை. முப்பது வருஷம் கழித்து, இப்போது அதை ஒட்டி இன்னொன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க மெட்ராஸ் வந்திருக்கும் துரை அதைப் பார்த்துவிட்டு, கல்வெட்டில் தன் பெயரைப் போடச் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் செக்ரட்டரியை மாற்றிவிடுவதாகக் கமிட்டி சொல்லிவிட்டது.

“அவர் அந்தக் காலத்து ஆளுப்பா. ஒவ்வொரு மேட்டையும் கையாலயே செய்ய வெச்சவர். மிஷின்னா ஆகாது. நம்பலைன்னா அஞ்சம்மாளைக் கேளு.”

அன்றைக்குத் துரையிடம் மண் சுமந்தவள் அஞ்சம்மாள். இன்றைக்கும் அதே கிளப்பில் புல் வெட்டுகிறாள்.

“ஆமாம்பா. சீமையிலேர்ந்து அவருக்கு ஒரு பொஸ்தவம் வரும். அதுல இந்த வண்டி படம் போட்டுக் கீது. அத்தப் பாத்துப் பாத்துக் கண்ணுல தண்ணி வுட்டுக்கினு குந்தினு இருப்பாரு. நானே பாத்தேனே!”

அப்புறம் என்ன? புல்டோசர் சவுக்குத் தோப்புக்குள் போயிற்று. மேலே இரண்டு வண்டி பனை ஓலை போட்டு மூடினார்கள். திருநீர்மலைப் பக்கமிருந்து நாற்பது ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார் ஜெபராஜ். கைக்கு ஒரு மண்வெட்டி, தலைக்கு ஒரு கூடை. கார் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மும்முரமாக மண் சுமக்க ஆரம்பித்தார்கள்.

துரை கைத்தடியை ஊன்றி இறங்கினார். எழுபது வயதிருக்கும். வரிசையாகப் போகும் கூடைகளைப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

அப்பாடா, வேலை தப்பியது! ஜெபராஜுக்குத் தலைகால் புரியவில்லை. “எல்லாம் கைவேலை சார்! உங்க காலத்துல செஞ்ச மாதிரியே. ஒரு மிஷினைக்கூட உள்ளே விடலை!”

துரைக்குத் தமிழ் மறக்கவில்லை.

“மிஸ்டர் ஜெபராஜ், அப்போ என்னை வேலைக்கு வெச்ச கம்பெனிக்கு நான் பதினோரு லெட்டர் போட்டேன். ஒரே ஒரு புல்டோசர் குடுங்கன்னு கேட்டேன். கூடை போதும், கூலி சீப்னு பதில் வந்துச்சு. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அழுதேன். முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் இந்த ஜனங்க தலையில கூடையா? இதுல என் பேர் வேணாம்.”

அவர் காரைப் பார்த்துத் திரும்பி நடந்தார். “சார், சார்!” என்று ஜெபராஜ் பின்னாலேயே ஓடினார். பக்கத்தில் நின்ற துளசிங்கமோ தோப்பைப் பார்த்து ஓட்டம் பிடித்தான்.

டடடடவென்று ஒரு சத்தம். பனை ஓலைகள் பறக்க, புல்டோசர் வெளியே வந்தது.

துரை அப்படியே நின்றார். கைத்தடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடாத குறையாகப் போய் அதை வழிமறித்தார்.

“டிரைவர், நீ எறங்கு! நான் ஓட்டணும்!”