ஞாயிற்றுக்கிழமை வரும் பார்ட்டி

"வீட்டை வித்துடலாம். ஞாயித்துக்கிழமை பார்ட்டி பாக்க வருது" என்றாள் கொத்தனாரின் மனைவி.

"எதுக்குடி?"

"சுவரெல்லாம் ஊறுது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு."

கொத்தனாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரில் பாதி வீடு அவர் கை பட்டு நிமிர்ந்தது. அவர் வீட்டில் மட்டும் பதினாலு வருஷமாகப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. 'இதுவா கொத்தனார் வீடு?' என்று வந்தவன் சிரித்தால் மானம் போய்விடுமே!

நாலே நாளில் ஈரச்சுவரைக் கொத்திப் பூசினார். ஒழுகும் குழாயை மாற்றினார். குளியலறையில் தண்ணீர் தேங்காமல் தரையைச் சரிவாக்கி வாட்டம் எடுத்தார். வெள்ளையடித்து நிமிர்ந்தபோது, 'இந்த வீட்டைப் போய் எந்த மடையன் விப்பான்?' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஞாயிறு காலை சலவைச் சட்டையோடு வாசலில் காத்து நின்றார். யாரும் வரவில்லை. மனைவிதான் தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள்.

"வீடு பிடிச்சிருக்கு."

"பார்ட்டி எங்கேடி?"

"நான்தான் பார்ட்டி. விக்கிறதாவது! பொண்டாட்டி சொன்னா உங்களுக்குக் காது கேக்காது, பார்ட்டின்னாத்தானே கை ஓடும்? படிக்கட்டு ஓரம் உடைஞ்சிருக்கு, அதையும் பாருங்க."

"சரிங்கம்மா, நாளைக்கு வந்து முடிச்சுத் தரேன்" என்றது, பார்ட்டிகளிடம் சொல்லிப் பழகிய வாய்.