மூன்று மைக்

"சல்லிசா முடிச்சுடு, சாரு. ஒரு கச்சேரிக்குப் போய் யாரு கொட்டிக் கொடுக்கறது?" என்று சொல்லி மைக் வாங்க அனுப்பியிருந்தார் வித்வான் ஸ்ரீகண்டன். இந்தத் தடவை கச்சேரி இணையத்தில் நேரலை. உச்சஸ்தாயி அவர் தொண்டைக்கு எட்டாமல் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அந்த இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தி வாயை மட்டும் திறப்பார். பின்னால் தம்புராவோடு உட்கார்ந்திருக்கும் சாருமதி பாடுவாள். கைதட்டலை அவர் வாங்கிக்கொள்வார். நேரலை அறிவிப்பில் எல்லார் பெயரும் இருந்தது, அவள் பெயரைத் தவிர. கேட்டதற்கு, "தம்புராவுக்கெல்லாம் பேர் போடற வழக்கம் கிடையாதும்மா" என்றார்.

கடைக்காரர் இரண்டு வகை மைக்கை எடுத்து வைத்தார். "இது மேடையில இருக்கற எல்லாரையும் இழுக்கும் மேடம், விலை கூட. இது சட்டையில குத்தறது, மலிவு. ஆனா யாருக்குக் குத்தறீங்களோ அவங்க குரல்தான் கேக்கும். பின்னாடி யாரு கத்தினாலும் எடுக்காது."

"மலிவானதே குடுங்க. பாடறவருக்கு, வயலினுக்கு, மிருதங்கத்துக்கு."

"தம்புராவுக்கு?"

"தம்புராவுக்கெல்லாம் வைக்கற வழக்கம் கிடையாதுங்க."

கச்சேரியன்று அவர் ஜிப்பாவில் அவளே மைக்கைக் குத்திவிட்டாள். உச்சஸ்தாயி வந்தது. ஸ்ரீகண்டன் கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தி, வாயை அகலத் திறந்தார். பின்னால் சாருமதி கண்ணை மூடிக்கொண்டு, என்றைக்கும் இல்லாத சுத்தத்தோடு பாடினாள்.