கட்

எங்கள் டைரக்டருக்கு ஒத்திகை பிடிக்காது. கிளிசரின் என்றால் அடிக்கவே வருவார். தொழிலாளியாகத் தொழிலாளியேதான் நடிக்க வேண்டும். கேமரா எப்போது ஓடுகிறது என்பது அந்தத் தொழிலாளிக்குத் தெரியவே கூடாது. அதற்காகத்தான் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் மூன்று நாளாகக் கிடந்தோம்.

"வேலைநீக்கக் கடிதம் ரெடியா?" என்றார் டைரக்டர்.

"ரெடி சார்." நானே டைப் செய்து ஃபைலில் வைத்திருந்தேன்.

ஷிப்ட் முடிந்து பகலவன் வெளியே வந்தார். நடிக்க ஒப்புக்கொண்டவர்; கதை மட்டும் அவருக்குத் தெரியாது. கம்பெனியின் ஹெச்.ஆர். மேடம் சசிரேகாதான் அந்தக் கடிதத்தைத் தருவதாக ஏற்பாடு. அவர் ஒரு கவரை நீட்டினார். டைரக்டர் சத்தமில்லாமல் கேமராவை ஓடவிட்டார்.

பகலவன் பிரித்துப் படித்தார்.

"இன்னா மேடம் இது? பன்னெண்டு வருசமா இதே லைன்ல நிக்கிறேன். பொண்ணு காலேஜ் படிச்சிகினு கீது. வூட்ல போயி இன்னா சொல்லுவேன்?"

"என் கையில ஒண்ணுமில்ல பகலவன்." மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பகலவன் கம்பெனி பஸ் படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

"கட்! பிரமாதம்!" யூனிட்டே கை தட்டியது. பகலவன் நிமிரவில்லை.

டைரக்டர் அவர் தோளைத் தொட்டார். "எழுந்திருங்கண்ணே. கட் ஆயிடுச்சு."

"ஆமா சார்... கட் ஆயிடுச்சு."

"பாத்தியா, இன்னும் கேரக்டரை விட்டு வெளிய வரல!" டைரக்டர் பூரித்துப்போய் என் பக்கம் திரும்பினார். "அந்த லெட்டரை வாங்கி பத்திரமா வை. அடுத்த ஷாட்டுக்கு வேணும்."

நான் ஃபைலைத் திறந்து காட்டினேன். நான் டைப் செய்த கடிதம் அதிலேயே இருந்தது.