நிலானியின் தப்புக்கு நானூறு

ஆறு வயதுப் பிள்ளை கணக்கில் விடுகிற ஒரு புதுத் தப்புக்கு அன்றைய விலை நானூறு ரூபாய். வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் தப்புகளை, தன் இயந்திரத்துக்குப் பாடம் சொல்ல ஒரு கம்பெனி, சுவரில் மாட்டிய கேமராக் கண் வழியாகக் கொள்முதல் செய்தது. ஒரே நிபந்தனை, பெற்றவர்கள் திருத்தக் கூடாது.

விருதுநகர் மிளகாய் மண்டிக்காரர் அழகுராஜாவுக்கு மகள் நிலானியால் நல்ல வருமானம். "ஏழும் எட்டும் யானைன்னு அவ பாட்டுக்குச் சொல்லட்டும். நீ வாயைத் திறந்து யாவாரத்தைக் கெடுத்துறாத," என்றார் மனைவி ஜெயக்கொடியிடம்.

ஜெயக்கொடி வாயைத் திறக்கவில்லை. மண்டியில் ரகசியமாக விலை பேசுவது மாதிரி, மகளின் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு மூடினாள். உள்ளே விரலை ஏழு தடவை தொட்டாள், பிறகு எட்டுத் தடவை. நிலானி மொத்தத்தையும் திருப்பித் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் ஒரு கிச்சுகிச்சு. சுவர்க் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளையின் சிரிப்புதான்.

கற்றுக்கொண்டதை எத்தனை நாள் அடக்கிவைப்பாள்? சுவர்க் கண் ஒருநாள் ஏழும் எட்டும் எவ்வளவு என்று கேட்டதும், "பதினஞ்சு" என்று சொல்லிவிட்டாள்.

கம்பெனி ஆள் உடனே கண்ணுக்குக் கீழே இருந்த திரையில் வந்தான். "திருத்திட்டீங்களே மேடம். பரவாயில்ல, மறக்கடிச்சுக் குடுங்க. ரெட்டை விலை தர்றோம்."

"விலை பேசணும்னா துண்டுக்குள்ள கையை விடுங்க தம்பி."

அவன் விழிக்கும்போதே துண்டைத் தூக்கிச் சுவர்க் கண்மேல் போட்டாள்.

"வந்த வரவு போச்சேடி," என்றார் அழகுராஜா.

"போகட்டும். ஏழும் எட்டும் பதினஞ்சு. இருப்பு சரியா இருக்கு."